மலையில் விளையாடுபவர்களுக்கு மவுத் கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் ஹாக்கி, ஃபுட்பால், கபடி, பாக்ஸிங், டேக்வாண்டோ என்று ஆடும் பிள்ளைகளின் பெற்றோரும் பி.டி. மாஸ்டர்களும் பல்லைக் காக்க வாயில் போடும் மவுத் கார்டு பற்றி மறுபடி மறுபடி கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். கொடைக்கானல்காரர்களுக்கும் பெரும்பாலான பதில்கள் அப்படியே பொருந்தும்.

மவுத் கார்டு பாக்ஸிங் ஆடுறவங்களுக்குத்தானே? எங்க பொண்ணு ஹாக்கி ஆடுறா, அவளுக்கு எதுக்கு?

ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கிரிக்கெட் லெதர் பந்தும் கிட்டத்தட்ட அதே எடைதான். அது ஒரு மட்டையின் விளிம்பில் பட்டு எகிறினால் கையைத் தூக்கி முகத்தை மறைக்கக்கூட நேரம் இருக்காது. கபடியில் எதிராளியின் தலையும் முட்டியும், பாஸ்கெட்பாலில் முழங்கையும், ஃபுட்பாலில் ஹெட்டிங் போகும்போது பின்மண்டையும் அதே வேலையைச் செய்யும். அடி எங்கிருந்து வந்தாலும் பெரும்பாலும் முதலில் வாங்குவது மேல் வரிசையின் நடு இரண்டு பற்கள்தான்.

மவுத் கார்டு மேல் பல் வரிசையின் மேல் உறைபோல உட்காரும். பெரும்பாலானவை ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. ஓடுகிற ஷூவின் நடு அடிப்பகுதியில் மெத்தென்று இருப்பதும் பெரும்பாலும் இதே பொருள்தான். அடி விழுந்தால் அந்த விசை ஒரே பல்லில் இறங்காமல் வரிசை முழுக்கப் பரவுகிறது. உதடு பல்லில் குத்திக் கிழியாமலும், கீழ்த்தாடை மேலே மோதிக் கடைவாய்ப் பல் சில்லு பெயராமலும் தடுக்கிறது.

உண்மையிலேயே பல்லைக் காப்பாத்துதா, இல்ல விக்கிறவங்க சொல்றதா?

காப்பாற்றுகிறது. நியூசிலாந்தில் 1990-களின் கடைசியில் ரக்பி ஆடுபவர்கள் எல்லோரும் மவுத் கார்டு போட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அங்கே விளையாட்டுக் காயங்களுக்கு அரசு விபத்துக் காப்பீடு பணம் கொடுப்பதால் கணக்கு துல்லியமாக இருக்கும். 1995-க்கும் 2003-க்கும் இடையில் ரக்பியால் வந்த பல் காயக் கோரிக்கைகள் 43 சதவீதம் குறைந்தன.

பல்லுக்கு ஒன்றுமே ஆகாது என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பலத்த அடியில் மவுத் கார்டோடு சேர்த்தே பல் ஆடிப்போகலாம். ஆனால் வேரோடு வெளியே வந்து விழ வேண்டிய பல் ஆடுவதோடு நின்றுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய மிச்சம்! ஆடும் பல்லை மீட்டுவிடலாம். போன பல்லுக்கு வாழ்நாள் முழுக்கச் செலவு.

எத்தனை வகை இருக்கு? கையில அதிகம் காசில்ல, எதை வாங்கறது?

மூன்று வகை. முதலாவது, அப்படியே வாயில் போட்டுக்கொள்கிற ரெடிமேட். நூறு ரூபாய்க்குள்கூடக் கிடைக்கும். பல்லைக் கடித்துப் பிடித்தால்தான் நிற்கும், வாயைத் திறந்தால் விழும். இதை வாங்க வேண்டாம். காசு வீணாவதுகூடப் பெரிதில்லை. தளர்வாக இருப்பது மூச்சுவிடும் நேரத்தில் தொண்டைப் பக்கம் நழுவினால் ஆபத்து.

இரண்டாவது, வெந்நீரில் இளக்கிக் கடித்து நம் பல்லுக்குப் பொருத்துவது. சாதாரணமானவை சுமார் 150 முதல் 600 ரூபாய்க்குள் இருக்கின்றன. வெளிநாட்டு பிராண்டு என்றால் ஆயிரத்தைத் தாண்டும். மூன்றாவது, பல் டாக்டர் அளவெடுத்துச் செய்து தருவது; 1,500 ரூபாயில் தொடங்கி 4,000, 5,000 என்று போகும்.

பள்ளி மட்டத்தில் ஆடுகிற, வளரும் வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது வகைதான் எங்கள் தேர்வு. முந்நூறு ரூபாய்க்கு வாங்கியதைப் பொறுமையாகப் பொருத்தினால், அவசரமாகப் பொருத்திய 1,200 ரூபாய்ச் சரக்கைவிட நன்றாகக் காக்கும். விலையைவிடப் பொருத்தம்தான் பல்லைக் காக்கிறது. மலையில் அந்தப் பொருத்துகிற வேலையில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். அதனால்தான் கீழே அதைப் பற்றி நீளமாகச் சொல்கிறோம்.

மேலே கீழே ரெண்டு வரிசைக்கும் சேர்த்து ஒண்ணு விக்கிறாங்களே, அது இன்னும் நல்லதில்லையா?

நடுவில் மூச்சுக்கு ஓட்டை விட்டு, இரண்டு வரிசைக்கும் சேர்த்து வருவது அது. தாடை ஒரே நிலையில் பூட்டிக்கொள்ளும். பேச முடியாது, அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் வாய்மூச்சு. ஏறி இறங்கி ஓடும் ஆட்டத்துக்கு ஒத்துவராது. கோச் தனிக் காரணம் சொல்லிக் கேட்டால் ஒழிய, மேல் வரிசைக்கு மட்டும் வருவதே போதும்.

கடையில வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

முதலில் வயது. பெரும்பாலான கம்பெனிகள் 10 அல்லது 11 வயதுக்குக் கீழே ஒரு சைஸ், அதற்கு மேலே ஒரு சைஸ் என்று பிரிக்கின்றன. பெரிய சைஸாக வாங்கினால் நாளைக்கும் உதவும் என்று ஸ்வெட்டர் வாங்குகிற மாதிரி யோசிக்கக் கூடாது. பெரியது பொருந்தவே பொருந்தாது.

அடுத்து தடிமன். முன்பக்கச் சுவரும் கடிக்கும் தளமும் பொருத்துவதற்கு முன் சுமார் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பொருத்தியபின் 3 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். ஸ்கூல் ஸ்கேலை ஓரத்தில் வைத்தாலே தெரிந்துவிடும். அட்டையில் என்ன பொருள், எத்தனை நொடி வெந்நீரில் போடுவது என்று அச்சடித்திருக்க வேண்டும். பிரித்தவுடன் பெட்ரோல், ரப்பர் வாடை குப்பென்று அடித்தால் திருப்பிக் கொடுங்கள். ஹெல்மெட் கம்பியில் மாட்டும் வார் வைத்தது ஹெல்மெட் போடாத ஆட்டத்துக்குத் தேவையில்லை. அந்த வாரைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

இரவில் பல் நறநறவென்று கடிப்பவர்களுக்கான கார்டும் ஆன்லைனில் இதே பெயரில் வரும். அது மெல்லியது, அடி தாங்காது. விவரத்தில் ‘ஸ்போர்ட்ஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டுல பொருத்தறது எப்படி? ஒவ்வொண்ணா சொல்லுங்க.

சூடு பண்ணுவதற்கு முன்பே ஒருமுறை வாயில் வைத்துப் பாருங்கள். நடுவில் உள்ள வெட்டு, மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சவ்வுக்கு நேராக வர வேண்டும். பின்முனை ஆறு வயதில் முளைக்கும் முதல் பெரிய கடைவாய்ப் பல்லை மூடினால் போதும். அதைத் தாண்டித் தொண்டைப் பக்கம் நீண்டால் இரண்டு முனையிலும் சமமாக, ஒவ்வொரு தடவையும் 2 மில்லிமீட்டர் மட்டும், கூர்மையான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வெட்டிய ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்து, கூராக இருந்தால் மழுக்கிவிடுங்கள்.

ஆழமான பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குமிழிகள் புரளும்வரை கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர், கண்ணாடி, கடிகாரம், ஓட்டைக் கரண்டி தயாராக இருக்கட்டும். கார்டைக் கரண்டியில் வைத்து, பாத்திரத்தின் அடியில் படாமல் அட்டையில் சொன்ன நொடிக்கு முக்குங்கள். அடி சூட்டில் பட்டால் அந்த இடம் மட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். தயாராகிவிட்டதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: மேல்பரப்பு பளபளக்கும், கரண்டியைத் தூக்கினால் இரண்டு முனைகளும் தொய்ந்து கீழே வளையும். வளையாமல் விறைப்பாக நின்றால் இன்னும் ஐந்து நொடி.

எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஒரே ஒரு நொடி காட்டி எடுங்கள். வாய் பொத்துப்போகாமல் இருக்க இது அவசியம். கண்ணாடி பார்த்து நடுவை நேராக வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் மேலே அழுத்தி ஏற்றுங்கள். மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள். இங்கேதான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது: ‘நல்லா கடி’ என்றதும் பிள்ளை கரும்பு கடிக்கிற மாதிரி கடித்துவிடும், கடைவாயில் காகிதம்போல மெலிந்துவிடும். உறுதியாகக் கடித்து அப்படியே நிறுத்த வேண்டும், மெல்லக் கூடாது. அதோடு, சர்பத்தை உறிஞ்சுவதுபோல உள்ளேயிருக்கும் காற்றையும் நீரையும் உறிஞ்ச வேண்டும். நாக்கால் உள்பக்கத்தை மேல்நோக்கித் தள்ள வேண்டும். நீங்கள் வெளியே உதட்டின் மேலும் கன்னத்தின் மேலும் விரல்களால் பல் வரிசை முழுக்க அழுத்துங்கள். இருபது முப்பது நொடி. பிறகு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் போடுங்கள். உள்ளே ஒவ்வொரு பல்லின் அச்சும் தனித்தனிக் குழியாகத் தெரிய வேண்டும்.

வெந்நீர் வேலை முழுக்கப் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

ஊட்டியில தண்ணி சரியா கொதிக்காதே. குக்கர்ல போட்டு ஒரு விசில் விடலாமா?

வேண்டவே வேண்டாம். மலையில் பருப்பு வேகக் குக்கர் வேண்டும் என்பது சரி. ஆனால் விசில் வரும் குக்கருக்குள் சூடு 115 டிகிரியைத் தாண்டும். உள்ளே போன கார்டு உருக்குலைந்து உருண்டையாகத்தான் வெளியே வரும். மைக்ரோவேவும் கூடாது.

உங்கள் சந்தேகத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் ஏறக்குறைய அதேதான். குன்னூர், கோத்தகிரியில் 94, கூடலூரில் 96 டிகிரி. ஈ.வி.ஏ. கார்டுகள் வகையைப் பொறுத்து 70 முதல் 85 டிகிரிக்குள் இளகுபவை. அதனால் ஊட்டியில் கொதிக்கும் தண்ணீரே தாராளமாகப் போதும். கையில் இருக்கிற இடைவெளிதான் சமவெளியைவிடக் குறைவு. மேட்டுப்பாளையத்துக்காரர் கொதித்த தண்ணீரை ஒரு நிமிடம் ஆறவிட்டாலும் தப்பிப்பார். டிசம்பர் பனியில் ஊட்டி சமையலறையில் அகலமான சட்டியில் ஊற்றி வைத்த தண்ணீர் அதே ஒரு நிமிடத்தில் வேலைக்கு ஆகாத சூட்டுக்கு இறங்கிவிடலாம்.

ஆகவே அட்டையில் ‘கொதித்தபின் 30 நொடி ஆறவிடவும்’ என்று போட்டிருந்தால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அப்படி ஆறவிடுவதைத் தவிர்த்துவிடுங்கள். அகலச் சட்டி வேண்டாம், ஆழமான பாத்திரம். ஜன்னலைச் சாத்திவிடுங்கள். கார்டையும் ஜில்லென்று எடுத்து அப்படியே போடாமல், சட்டைப்பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து போடுங்கள். நொடிக் கணக்கைவிட, முந்தைய பதிலில் சொன்ன பளபளப்பும் தொய்வும்தான் நம்பகமான அடையாளம்.

மைதானத்துக்குப் பக்கத்துல டீக்கடை இருக்கு. அங்க வெந்நீர் வாங்கிப் பொருத்தலாமா?

பாய்லரில் இப்போதுதான் கொதித்து, உடனே பிடித்துக் கொடுத்தால் சரி. ஃபிளாஸ்கில் காலையிலிருந்து இருக்கும் தண்ணீர் போதாது. அதில் கார்டு மேலோட்டமாக மட்டும் இளகும். பல் அச்சு அரைகுறையாக விழும். பொருந்தியது போலவே தோன்றி, பத்து நிமிடம் ஓடியதும் வாயில் ஆட ஆரம்பிக்கும். மேட்ச் அன்று காலையில் பொருத்துவதே தப்பு. ஒரு வாரம் முன்பே செய்து, இரண்டு மூன்று பிராக்டிஸில் போட்டுப் பழகட்டும்.

சரியா பொருந்திடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

வாயை முழுக்கத் திறந்து, தலையைக் குனிந்து ஆட்டச் சொல்லுங்கள். பல்லால் கடிக்காமல், நாக்கால் தாங்காமல் அது மேலேயே நிற்க வேண்டும். பிறகு நாக்கால் தள்ளிப் பார்க்கட்டும். லேசில் வரக் கூடாது. விரலால் இழுத்தால் ‘ப்ளக்’ என்று விடுபட வேண்டும்.

அடுத்து பேச்சு. ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் மேல் வழுக்கி விழுந்தான்’ என்று சொல்லச் சொல்லுங்கள். நாக்கு மேலண்ணத்தை நோக்கி வளைந்தால்தான் ‘ழ’ வரும். அது ஓரளவு புரிகிறபடி வந்தால் உள்பக்க விளிம்பு அளவாக இருக்கிறது என்று அர்த்தம். முழுக்கக் குழறினால் அண்ணத்துப் பக்கம் அதிகப்படியாக இருக்கிறது, அந்த ஓரத்தை 1–2 மில்லிமீட்டர் குறைக்கலாம். முன்பக்கச் சுவரைக் குறைக்காதீர்கள், காக்கிற இடமே அதுதான்.

கடைசியாக வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கடைவாய்ப் பகுதியில் வெளிச்சம் ஊடுருவுகிற அளவு மெலிந்த இடம் இருந்தால், அங்கே கடிபட்டுச் சீக்கிரமே ஓட்டை விழும்.

போட்டாலே குமட்டுது, வாந்தி வர்ற மாதிரி இருக்குங்கறான்.

பத்தில் ஒன்பது முறை பின்முனை நீளம்தான் காரணம். மேலே சொன்னபடி 2 மில்லிமீட்டர் வெட்டிப் பாருங்கள். ஆனால் முதல் பெரிய கடைவாய்ப் பல் மூடியே இருக்க வேண்டும். குமட்டுகிறதே என்று முன் ஆறு பல்லுக்கு மட்டும் விட்டு வெட்டித் தள்ளினால், கழன்று விழுங்கிவிடும் அபாயம் வரும். நீளம் சரியாக இருந்தும் குமட்டினால், வீட்டில் டி.வி. பார்க்கும்போது பத்துப் பத்து நிமிடமாகப் போட்டுப் பழகட்டும். நாலைந்து நாளில் நாக்கு ஒத்துக்கொள்ளும்.

மேட்டுல ஓடும்போது மூச்சு முட்டுது. ஏற்கெனவே இங்க காத்து மெல்லிசு.

ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்குக்குச் சற்றே குறைவாக இறங்கியிருக்கும். கீழேயிருந்து வந்து ஆடுகிற டீம் முதல் நாள் திணறுவது அதனால்தான். ஆனால் மவுத் கார்டால் மூச்சு முட்டுகிறது என்றால் பெரும்பாலும் அது தளர்வாக இருக்கிறது, விழாமல் இருக்கப் பிள்ளை பல்லைக் கடித்தபடியே ஓடுகிறது என்று பொருள். தானாக நிற்கும் கார்டு என்றால் வாயைத் திறந்து தாராளமாக மூச்சு வாங்கலாம். மேலே சொன்ன ‘வாயைத் திறந்து குனியும்’ சோதனையை மறுபடி செய்யுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை கோணலா போயிடுச்சு. மறுபடி வெந்நீர்ல போடலாமா?

போடலாம். கம்பெனி எத்தனை தடவை அனுமதிக்கிறதோ அத்தனை. பொதுவாக இரண்டு, மூன்று. ஒவ்வொரு தடவையும் கடிக்கும் இடம் கொஞ்சம் மெலியும் என்பதை நினைவில் வைத்து, 3 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் புதியது வாங்கிவிடுங்கள்.

பல்லுக்குக் கம்பி போட்டிருக்கு. அதுக்கு மேலயே போடலாமா?

கம்பி போட்ட பிள்ளைக்குத்தான் மவுத் கார்டு இன்னும் அவசியம். அடி விழுந்தால் அந்தக் கம்பியே உதட்டின் உள்பக்கத்தைக் கிழித்துவிடும். ஆனால் சாதாரண வெந்நீர் வகையை அதன் மேல் வைத்துக் கடிக்கக் கூடாது. இளகிய பிளாஸ்டிக் கம்பி முடிச்சுகளுக்குள் புகுந்து இறுகிக்கொள்ளும். இழுக்கும்போது பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட்டும் சேர்ந்து பெயரும். பல்லும் மாதாமாதம் நகர்ந்துகொண்டே இருக்கும், இன்றைக்கு எடுத்த அச்சு இரண்டு மாதத்தில் பொருந்தாது.

கம்பிக்கென்றே சிலிக்கானில் வருபவை இருக்கின்றன. சூடு பண்ண வேண்டாம், உள்ளே கம்பிக்கு இடம்விட்டு அகலமான பள்ளம் இருக்கும். கீழ் வரிசையிலும் கம்பி என்றால் இரண்டையும் மூடும் வகை கேளுங்கள். மேலே வேண்டாமென்று சொன்ன இரட்டை வகைக்கு இது ஒரு நியாயமான விதிவிலக்கு. கம்பி போட்ட டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குவது நல்லது. கம்பிக்குப் பதிலாகப் பல்லை நேராக்கக் கழற்றி மாட்டும் நிறமற்ற உறை (கிளியர் அலைனர்) என்றால், அதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு கார்டைப் போட வேண்டும்.

எட்டு வயசு. பால் பல் விழுந்துட்டே இருக்கு. இப்ப வாங்கறது வீண்தானே?

வீணில்லை. பால் பல் விழுந்து நிரந்தரப் பல் முளைக்கும் இந்த வயதில்தான் முன்பற்கள் துருத்திக்கொண்டு, வேர் முழுக்க வளராமல் இருக்கும். விலை குறைந்த வெந்நீர் வகையே வாங்குங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும் என்று முதலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பாதி முளைத்த பல் இருக்கும் இடத்தில் அச்சை ஆழமாகப் பதிக்காமல், அந்த இடத்தை மட்டும் வெளியிலிருந்து அழுத்தாமல் விட்டுவிடுங்கள். பல் வளர இடம் வேண்டும்.

அண்ணனோட பழசு இருக்கு. வெந்நீர்ல போட்டு தம்பிக்குப் பொருத்திக்கலாமா?

கூடாது. அளவு வேறு என்பது ஒரு பக்கம். கடித்துக் கடித்து விழுந்த நுண்ணிய வெடிப்புகளுக்குள் கிருமி தங்கியிருக்கும், வெந்நீர் அதை முழுக்கப் போக்காது. தம்பிக்கு 200 ரூபாயில் புதியது.

எப்படிக் கழுவறது? மழைக்காலத்துல காயவே மாட்டேங்குது, வாடை வருது.

ஆடி முடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, மென்மையான பிரஷ்ஷில் குளியல் சோப்போ பாத்திரம் கழுவும் திரவமோ ஒரு துளி தொட்டுத் தேய்த்து நன்றாக அலசுங்கள். டூத்பேஸ்ட் வேண்டாம், அதில் உள்ள சொரசொரப்பு கீறலை உண்டாக்கி அழுக்கு சேர வழிவிடும். வெந்நீர் கூடவே கூடாது, அச்சு கலைந்துவிடும்.

கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை துணியே காய்வதில்லை, இது எங்கே காயும்? தண்ணீரை உதறி, சுத்தமான துணியால் உள்குழிகளை ஒற்றி எடுத்து, ஓட்டை போட்ட டப்பாவில் வீட்டுக்குள் வையுங்கள். கூடவே வந்த டப்பாவில் ஓட்டை இல்லையென்றால், சூடான ஊசியால் மேலே நாலு, கீழே நாலு போட்டுக்கொள்ளலாம். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் சுருட்டி கிட் பேக்கில் போடுவதால்தான் பூஞ்சை வருகிறது. கரும்புள்ளி தெரிந்தால் தேய்க்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

காய வேண்டுமென்று அடுப்பு மேடையிலும், கணப்புச் சட்டிக்குப் பக்கத்திலும், ரூம் ஹீட்டர் மேலும் வைத்துவிடுகிறார்கள். காலையில் பார்த்தால் நெளிந்து கிடக்கும். வெயிலில் நிறுத்திய ஜீப் டாஷ்போர்டும் அப்படித்தான். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், இதைக் கண்டால் விடாது.

எவ்வளவு நாள் வரும்?

வளரும் பிள்ளைக்கு ஒரு சீசன். பெரியவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று நாள் ஆட்டத்தில் ஒரு வருடம். நாள் கணக்குக்கு முன்பே ஓட்டை, கிழிசல், தளர்வு, கூர்மையான ஓரம், கரும்புள்ளி எது வந்தாலும் மாற்றுங்கள். பல் அடைத்தாலோ, பிடுங்கினாலோ, கேப் போட்டாலோ பழைய அச்சு பொருந்தாது.

கலர் ஏதாவது விதி இருக்கா?

பாக்ஸிங்கில் சிவப்போ, சிவப்பு கலந்ததோ போட விடமாட்டார்கள். ரத்தம் வருவது நடுவருக்குத் தெரிய வேண்டும். டேக்வாண்டோ போட்டிகளில் வெள்ளை அல்லது நிறமற்றது. பொதுவாக நிறமற்றதையோ நீலத்தையோ வாங்குங்கள். நீலம் மைதானப் புல்லில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும்.

எப்போ பல் டாக்டர்கிட்ட செஞ்சுக்கணும்? அதுல என்ன விசேஷம்?

மாவட்ட, மாநில அளவில் தொடர்ந்து ஆடுபவர், பாக்ஸிங்கில் முறையாகச் சண்டை போடுபவர், ஏற்கெனவே முன்பல்லில் ரூட் கேனால் செய்தவர், பல் வரிசை ரொம்பக் கோணலாக உள்ளவர் — இவர்களுக்கு அது தகும். பல் வளர்ச்சி முடிந்த 16, 17 வயதுக்குமேல் செய்தால் இரண்டு வருடமாவது உழைக்கும். அப்போது வருடக் கணக்கில் பார்த்தால் விலை வித்தியாசம் குறையும்.

பல்லின் அச்சை மாவுபோன்ற பொருளில் எடுத்து, அதிலிருந்து கல்போல இறுகும் பல்வரிசை வார்ப்பைச் செய்து, சூடாக்கிய ஈ.வி.ஏ. தகட்டை அதன்மேல் உறிஞ்சிப் படியவைப்பார்கள். தகடு இழுபடும்போது முன்பக்கம் மெலியும். 3 மில்லிமீட்டர் தகட்டில் செய்தால் முன்பல்லின் மேல் 2 மில்லிமீட்டர்கூட மிஞ்சாமல் போகலாம். அதனால் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை மில்லிமீட்டர் தகடு, ஒரு அடுக்கா இரண்டு அடுக்கா? அழுத்தத்தில் இரண்டு அடுக்கு ஒட்டிச் செய்வதே சிறந்தது. ஒரே அடுக்கு என்றால் 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கேளுங்கள்.

கீழ்ப்பல் வரிசை முன்னால நீட்டிட்டு இருக்கு. அப்பவும் மேல் வரிசைக்குத்தானா?

இல்லை. கீழ்த்தாடை முன்துருத்தியிருந்தால் அடியை முதலில் வாங்குவது கீழ்ப்பற்கள், கார்டும் கீழே போட வேண்டும். கடை வகை இதற்குச் சரிப்படாது, பல் டாக்டரிடம் போங்கள்.

கழட்டி மாட்டற பல்செட் இருக்கு. அதோட போட்டுக்கலாமா?

பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆட வேண்டும். அடியில் உடைந்தால் துண்டு தொண்டைக்குள் போகும். கழற்றிய நிலையிலேயே கார்டைப் பொருத்துங்கள். சிமென்ட் வைத்து ஒட்டிய கேப், பிரிட்ஜ் மேல் போடலாம். பொருத்தும்போது அது ஆடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூல் டீமுக்கு 18 பேருக்கு வேணும். எப்படிச் சமாளிக்கறது?

250 ரூபாய் வீதம் 4,500 ரூபாய். மொத்தமாகக் கேட்டால் கடையில் குறைத்துக் கொடுப்பார்கள். இரண்டு உபரியாக வாங்குங்கள், யாராவது ஒருவர் கடித்துக் கெடுப்பார்.

ஒரே பாத்திரத்தில் 18 பேருக்கும் முக்கக் கூடாது. மூன்றாவது ஆள் வருவதற்குள் தண்ணீர் ஆறியிருக்கும், நாலாவது ஆளிலிருந்து பொருத்தம் கெடும். சத்துணவுக் கூடத்து அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு சொம்பு எடுங்கள். ஒருவர் முக்க, ஒருவர் வாயில் பொருத்த, ஒருவர் சோதிக்க என்று மூன்று பெரியவர்கள் இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். டப்பாவின் மேல் பெயரும், கார்டின் வெளிப்பக்கத்தில் அழியாத மார்க்கரில் ஜெர்ஸி நம்பரும் போடுங்கள். போடாவிட்டால் இரண்டாம் வாரமே ஒருவருடையது இன்னொருவர் வாயில் இருக்கும்.

இதைப் போட்டா தலையில அடிபட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு கோச் சொல்றார். சரியா?

அப்படி நம்பி விடக் கூடாது. பல், உதடு, தாடைக்கு இது காவல். மூளை அதிர்ச்சியை மவுத் கார்டு தடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தலையில் அடிபட்டு மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலோ, வாயில் கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது, உடனே ஆஸ்பத்திரி.

பல் முழுசா வெளிய வந்து விழுந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் ஆகும். என்ன பண்றது?

மலைப் பாதையில் நேரம்தான் பெரிய எதிரி, அதனால் முதல் வேலை மைதானத்திலேயே நடக்க வேண்டும். பல்லைத் தேடி எடுத்து, கடிக்கும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் உயிருள்ள மெல்லிய திசுதான் பல் மறுபடி ஒட்ட வழி. மண் இருந்தால் பாலிலோ, குளிர்ந்த தண்ணீரிலோ அதிகபட்சம் 10 நொடி அலசுங்கள். பிள்ளை முழு நினைவோடு இருந்தால், பக்கத்துப் பல்லைப் பார்த்துத் திசை சரியா என்று உறுதிசெய்து, பல்லை அதன் குழியிலேயே மெதுவாகத் திரும்ப வைத்து, சுத்தமான கைக்குட்டையைக் கடித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்படியே வண்டி ஏறலாம்.

திரும்ப வைக்க முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். பக்கத்து பேக்கரியில் ஒரு பாக்கெட் பால் வாங்கிக்கொள்ளுங்கள். சூடாக இருக்கக் கூடாது, சர்க்கரை கலந்திருக்கக் கூடாது. வெறும் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், வேர்த் திசு அதில் செத்துவிடும். காய்ந்த காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் அந்தத் திசு பிழைக்காது. போகிற வழியிலேயே பல் டாக்டருக்கு ஃபோன் போட்டு, ‘பல் விழுந்தது, பாலில் இருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள். மண் பட்ட காயம் என்பதால் கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டது என்றும் அவர் கேட்பார்.

விழுந்தது பால் பல் என்றால் திரும்ப வைக்கவே கூடாது. உள்ளே வளரும் நிரந்தரப் பல்லுக்கு அது கேடு. பால் பல்லா இல்லையா என்று தெரியாவிட்டால், வாயில் வைக்காமல் பாலில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.